பட்டணத்துக் கடைத்தெருக்கள் – 7: தெருவுக்கு ஒரு சரக்கு

சென்னைப் பட்டணத்தின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்களில் பெரும்பாலோர், 1639-இல் பிரான்சிஸ் டேயும் ஆண்ட்ரூ கோகனும் பெற்ற கடற்கரை மணல் திட்டிலிருந்து தொடங்கி, கோட்டையைக் கட்டி முடித்து, கவர்னர்களின் வரிசையை ஒப்பித்துவிட்டு, வியாபாரிகளுக்கு அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில் ஓரிடம் ஒதுக்குவதைச் சம்பிரதாயமாக்கிவிட்டார்கள். கோட்டைக்குள் இருந்தவர்கள் எழுதி வைத்தார்கள். கோட்டைக்கு வடக்கே இருந்தவர்கள் வாங்கி விற்றார்கள். எழுதியவர்களின் ஏடே நமக்குச் சரித்திரமாக வந்து சேர்ந்தது. ஆனால் கம்பெனியார் கடல் கடந்து இந்தக் கரைக்கு வந்ததே துணி வாங்குவதற்காகத்தான் என்பதையும், துணியை நெய்தவனும் வெளுத்தவனும் அதற்குச் சாயம் தோய்த்தவனும் அவர்களுக்கெல்லாம் முன்பணம் கொடுத்த செட்டியாரும் இல்லாவிட்டால் கோட்டைக்கு அங்கே வேலையே இருந்திராது என்பதையும் நினைவில் கொண்டவர்கள், பட்டணத்தின் பூர்வோத்தரத்தைக் கோட்டைச் சுவரில் தேடுவதைக் காட்டிலும் கடைத்தெருவில் தேடுவதே நியாயம் என்பதை ஒப்புக்கொள்வார்கள். இந்தத் தொடரில் நாம் மேற்கொண்டிருக்கும் வழி அதுவே.

பழைய கறுப்பர் பட்டணம் தரைமட்டமான கதையைச் சென்ற இதழில் கண்டோம். 1746-இல் பட்டணத்தைப் பிடித்த பிரெஞ்சுக்காரர் கோட்டையின் வடமதிலை ஒட்டியிருந்த வீடுகளில் ஒரு பகுதியை இடித்ததும், 1749-இல் அதைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர், பகைவன் மறைந்து நிற்க இனி ஒரு சுவரும் மிஞ்சலாகாது என்று எஞ்சியதையும் இடித்ததும், 1757-இல் பட்டணத்துப் பெருங்கோயிலும் அந்த இடிபாட்டில் சேர்ந்ததும் வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். இன்று ஹைகோர்ட் நிற்கும் அந்த வெளியில் எவரும் வீடு கட்டக் கூடாது என்பதற்காக 1773-இல் நட்ட எல்லைத் தூண்களில் ஒன்று பாரிமுனையில், பாரி கம்பெனிக் கட்டடத்தின் ஓரமாக இன்றும் நிற்கிறது. அந்த வழியே அன்றாடம் போகிறவர்களில் அதைப் பார்த்தவர்கள் சிலரே. வீடிழந்தவர்கள் வடக்கே நகர்ந்தார்கள். கிழக்கில் முத்தியால்பேட்டை, மேற்கில் பெத்தநாயக்கன்பேட்டை என்று முன்னமேயே இருந்த இரண்டு பேட்டைகளும் நிரம்பி வழிந்து, நெருங்கி, ஒன்றாகி, 1911-இல் ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டு ஞாபகமாக ஜார்ஜ் டவுன் என்று பெயரிடப்பட்டன. அரசாங்கம் வைத்த பெயர் அது. ஜனங்களோ ‘பாரீஸ்’ என்றும் ‘பூக்கடை’ என்றும் ‘சௌகார்பேட்டை’ என்றும் தங்களுக்கு வேண்டிய கடையை உத்தேசித்தே இன்றுவரை பேசி வருகிறார்கள்.

இந்தப் பிரதேசத்துக்கு முதன்முறையாக வருகிறவர் உடனே கவனிக்கும் விசேஷம், தெருவுக்கு ஒரு சரக்கு என்பதுதான். ஆண்டர்சன் தெருவுக்குள் நுழைந்தால் இருபுறமும் காகிதமும் கல்யாணப் பத்திரிகையுமாகவே இருக்கும். அப்பால் கொடௌன் தெருவில் துணியைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாது. நைனியப்ப நாயக்கன் தெருவை நெருங்கும்போதே மருந்தும் ரசாயனமும் வாசனைத் திரவியமும் கலந்த ஒரு காரமான நெடி எதிர்கொண்டு அழைக்கும். செம்புதாஸ் தெருவில் இரும்பு, தேவராஜ முதலி தெருவில் கண்ணாடி, ராசப்ப செட்டி தெருவில் நாட்டு மருந்து. அரசாங்கம் எந்தக் காலத்திலும் இவற்றை இப்படி வகுத்துக் கொடுத்ததில்லை. ஒரே பொருளை விற்கிறவர்கள் ஒருவரையொருவர் போட்டியாளராகக் கருதி விலகி உட்காருவதுதானே இயல்பு என்று எண்ணுகிறவர்களுக்கு, பத்தடி அகலமுள்ள கடைகள் நூறு, ஒரே சரக்கைப் பரப்பிக்கொண்டு தோளோடு தோள் உரச உட்கார்ந்திருப்பது ஆச்சரியமாகவே தோன்றும். அந்த ஆச்சரியத்துக்கு விடை கண்டுவிட்டால் பட்டணத்தின் சரித்திரத்தில் பாதி விளங்கிவிடும் என்பது நமது அபிப்பிராயம்.

விடையின் முதல் பகுதி, சொல்வதற்கு இனிமையான ஒன்றல்ல. பட்டணத்து ஜனங்கள் வலங்கை, இடங்கை என்று இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்த காலத்தில், கல்யாண ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்பதே பெரிய கலகங்களுக்குக் காரணமாயிற்று. 1707-இல் எழுந்த கலகம் முற்றி, வலங்கையினரில் பலர் பட்டணத்தைவிட்டே வெளியேறிச் சாந்தோமுக்குப் போய்விட, நெசவும் வெளுப்பும் நின்று வியாபாரம் ஸ்தம்பித்தது. அப்போது கவர்னராக இருந்த தாமஸ் பிட், இடங்கையினர் முத்தியால்பேட்டையிலும் வலங்கையினர் பெத்தநாயக்கன்பேட்டையிலும் வசிக்க வேண்டும் என்று எல்லை வகுத்துச் சமாதானம் செய்து வைத்தார். பேரி செட்டிகளும் கம்மாளர்களும் இடங்கை. கோமுட்டிகளும் பலிஜர்களும் வலங்கை. ஆகவே எந்தத் தொழில் எந்தப் பேட்டையில் வேரூன்றியது என்பதை ஆதியில் நிர்ணயித்தது வியாபார சாமர்த்தியம் அல்ல, ஜாதிச் சண்டையே. இன்று தெருப் பலகைகளில் தம்பு செட்டி, லிங்கி செட்டி, சுங்குராம செட்டி என்று கம்பெனிக் காலத்து வணிகர்களின் பெயர்களை முத்தியால்பேட்டைப் பக்கமாகப் படிக்கிறோம். கவர்னர்களின் பெயர்களை அங்கே தேடினால் அதிகம் அகப்படுவதில்லை. அந்தச் செட்டிமார்கள் தாம் வாழ்ந்த தெருவுக்குத் தம் பெயரையும், தம் உறவினருக்குத் தம் தொழிலையும் விட்டுப் போனார்கள்.

ஆனால் வலங்கை இடங்கை வழக்கு மறைந்து தலைமுறைகள் பல கடந்த பின்னும் தெருவுக்கு ஒரு சரக்கு என்ற ஒழுங்கு மறையாததற்குக் காரணம் வேறு. அதுவே விடையின் இரண்டாம் பகுதி. சிறு கடைக்காரர் என்பவர் முதல் இல்லாதவர். அவருக்குச் சரக்கும் கடனாக வர வேண்டும், சமயத்தில் அண்டைக் கடையிலிருந்து கைமாற்றாகவும் வர வேண்டும். வெளியூர் வியாபாரி ஒருவர் ஆண்டர்சன் தெருக் கடையொன்றில் உட்கார்ந்து ஐம்பது ரீம் காகிதம் கேட்கிறார், கடையில் இருப்பதோ இருபது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் முகத்தில் ஒரு சலனமும் காட்டாமல் ‘உட்காருங்க, டீ சாப்பிடுங்க’ என்று சொல்லிவிட்டுப் பையனை ஒரு பார்வை பார்ப்பார். பையன் எதிர்க் கடைக்கும் பக்கத்துக் கடைக்கும் ஓடி, டீ ஆறுவதற்குள் மீதி முப்பதையும் தலைச்சுமையாகக் கொண்டு வந்து சேர்த்துவிடுவான். சீட்டு இல்லை, கையெழுத்து இல்லை; சாயங்காலம் கடை கட்டும்போது வாய்க்கணக்காகவே அது தீர்ந்துவிடும். நூறு கடைக்காரர்களின் கையிருப்பு முழுவதும் இவ்வாறு ஒவ்வொரு கடைக்காரருக்கும் உரிய கையிருப்பாகிவிடுகிறது. தனியே ஒதுங்கி வேறு பேட்டையில் கடை வைத்தவருக்கு இந்தச் சௌகரியம் கிடையாது. எவன் நாணயஸ்தன், எவன் தவணை தவறுகிறவன், எந்த ஊர்ச் செக்கு திரும்பி வருகிறது என்ற விவரமெல்லாம் தெருவுக்குள் இருக்கிறவருக்குக் காலையிலேயே தெரிந்துவிடும். தெருவுக்கு வெளியே இருக்கிறவருக்கு நஷ்டம் வந்த பிறகே தெரியும். விழுப்புரத்திலிருந்தோ நெல்லூரிலிருந்தோ காலை ரயிலில் வந்து இறங்குகிறவருக்கும், ஒரே தெருவில் பத்துக் கடை ஏறி இறங்கி விலை விசாரித்து, சரக்கை லாரி ஆபீசில் போட்டுவிட்டு இரவு ரயிலைப் பிடிக்க இந்த ஒழுங்கே உதவுகிறது.

பூக்கடைக்கு வருவோம். இடிக்கப்பட்ட பட்டணத்துக் கோயிலுக்குப் பதிலாகப் புதிய கோயில் எழுப்பும் பொறுப்பை ஏற்றவர் கவர்னர் பிகட்டின் துபாஷாக இருந்த மணலி முத்துக்கிருஷ்ண முதலியார். 1760-களில் அவர் முயற்சியால் சென்னகேசவப் பெருமாளும் சென்ன மல்லீசுவரரும் அருகருகே தேவராஜ முதலி தெருவில் எழுந்தருளினார்கள். பட்டணத்தின் பெயரையே தாங்கிய இந்த இரண்டு மூர்த்திகளுக்கும் விடியற்காலையில் மாலை வேண்டியிருந்தது; கோயிலுக்கு வந்த பெண்களுக்குத் தலையில் சூடப் பூ வேண்டியிருந்தது. பக்கத்திலிருந்த பத்ரியன் தெரு பூச்சந்தையாக வளர்ந்தது. போலீஸ் ஸ்டேஷனும் பஸ் நிறுத்தமும் ‘பூக்கடை’ என்றே பெயர் பெறும் அளவுக்குப் பிற்காலத்தில் அது பிரசித்தி அடைந்தது. அங்கே மொத்த வியாபாரம் எடையில் நடக்கும், சில்லறை வியாபாரம் முழத்தில் நடக்கும். எடையில் வாங்கி முழத்தில் விற்கும் அந்த இடைவெளியிலேதான், வாசற்படியில் உட்கார்ந்து நாரில் தொடுக்கும் ஆயிரக்கணக்கான பெண்களுடைய ஜீவனம் அடங்கியிருக்கிறது.

கோயிலுக்கு அருகே பூ என்றால், சாவடிக்கு அருகே காய்கறி. பட்டணத்துச் சந்தையில் படியும் எடையும் சரியாக இருக்கின்றனவா, விலை நியாயமா என்று மேற்பார்வை பார்த்த உத்தியோகஸ்தருக்குக் கொத்தவால் என்று பெயர். அவர் உட்கார்ந்த இடம் கொத்தவால் சாவடி. அந்த இடத்துச் சந்தையோ ஆரிய வைசியர்களின் கன்னிகா பரமேசுவரி தேவஸ்தானத்துக்குச் சொந்தமாக இருந்து, அதன் வருமானம் தரும கைங்கரியங்களுக்குச் செலவாகி வந்தது. நள்ளிரவுக்கு மேல் மூட்டைகள் இறங்கி, விடிவதற்குள் ஏலம் போய், பொழுது புலர்ந்ததும் தலைக்கூடையில் ஏறித் தெருத்தெருவாகக் காய்கறி புறப்பட்டுப் போன அந்தச் சந்தையை நெரிசல் காரணமாக 1996-இல் கோயம்பேட்டுக்கு மாற்றினார்கள். நெரிசல் உண்மைதான், இரண்டு மாடு எதிரெதிரே வந்தால் நகர முடியாத தெருக்களில் லாரிகள் வந்து நின்றால் வேறென்ன நேரும்? மாற்றியது அவசியம் என்றே நாமும் கருதுகிறோம். ஆயினும் சந்தையோடு கூடவே போனது காய்கறி வியாபாரம் ஒன்றே என்பதைக் கவனிக்க வேண்டும். பருப்பு, புளி, மிளகாய், வெல்லம் விற்ற மளிகை மண்டிகள் சுற்றுத் தெருக்களிலே தங்கிவிட்டன. பூக்கடைக்காரர்களில் பலரும் பத்ரியன் தெருவைவிட்டு நெடுங்காலம் நகரவில்லை. கட்டடத்தைப் புதிதாகக் கட்டிவிடலாம். முன்னே சொன்ன கைமாற்றையும் நாணயத்தையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போக முடிவதில்லை.

ராசப்ப செட்டி தெருவில் சிறிது நேரம் தங்கத்தான் வேண்டும். கந்தகோட்டத்து முருகன் எழுந்தருளியிருக்கும் தெரு இது. இளம்பிராயத்தில் ஏழுகிணற்றுப் பக்கத்திலிருந்து நாள்தோறும் நடந்து வந்து ராமலிங்க அடிகள் தரிசித்த சந்நிதி இது. கோயில் வாசலிலிருந்து சில அடி நடந்தால் நாட்டு மருந்துக் கடைகள். கடையின் பின்சுவர் முழுவதும் சிறு சிறு மர இழுப்பறைகள். அவற்றின் பித்தளைப் பிடிகள் கை பட்டுப் பட்டு மழமழவென்று தேய்ந்திருக்கும். முகப்பில் சாக்குகளில் கடுக்காயும் பூந்திக்கொட்டையும் வெட்டிவேரும் திறந்து கிடக்கும். தராசுக்குப் பின்னால் இருப்பவர் எந்த இழுப்பறையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. கை தானே போகிறது. வயதான அம்மாள் ஒருத்தி வந்து, ‘பேத்திக்குப் பொறந்து இருபது நாளாச்சுப்பா, உரை மருந்து வேணும்’ என்கிறாள். ‘வயிறு உப்புசம் இருக்கா பாட்டி?’ என்று ஒரு கேள்வி. அவள் ஆம் என்று தலையசைத்ததும் வசம்பு ஒன்று கூடுதலாக விழுகிறது. சுக்கு, மாசிக்காய், ஜாதிக்காய், அக்கரகாரம், கடுக்காய் எல்லாம் ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சேர்ந்து, இரண்டு மடிப்பும் ஒரு நூல் சுற்றுமாகப் பொட்டணமாகிறது. ‘கல்லுல ஒவ்வொரு உரைதான் பாட்டி, மேல வேண்டாம்’ என்று எச்சரித்துத்தான் காசை வாங்குகிறார். ஐப்பசி மாதம் வந்தால் தீபாவளி லேகியத்துக்கும், வீட்டில் பிரசவம் என்றால் பிள்ளை பெற்றவளுக்கான மருந்துக்கும், பாகமும் அளவும் அங்கே எழுத்தில் இல்லை.

அந்தப் பொட்டணத்தைப் பிரித்துப் பாருங்கள். வசம்பும் சுக்கும் நம் நாட்டுச் சரக்குகள். அக்கரகாரம் வட ஆப்பிரிக்கக் கரையைப் பூர்விகமாகக் கொண்டது. ஜாதிக்காயின் பிறப்பிடம் மொலுக்கஸ் தீவுகள். அதற்காக டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் ரத்தம் சிந்தியிருக்கிறார்கள். அடுத்த இழுப்பறையில் இருக்கும் பெருங்காயம் ஆப்கானிய, பாரசீக மலைகளிலிருந்து வருகிறது. சாம்பிராணி இனத்தைச் சேர்ந்த குங்கிலியங்களில் சில அரபு நாட்டைச் சேர்ந்தவை. துறைமுகத்துக்கு அருகே இந்தக் கடைகள் அமைந்தது தற்செயல் அல்ல. ஐரோப்பியர் வருவதற்கு முன்னும் பின்னும் சோழமண்டலக் கரைக்கு எந்தெந்த நாட்டுக் கப்பல்கள் வந்து போயின என்பதை ஒரு பாட்டியின் மருந்துப் பொட்டணத்தைக் கொண்டே எழுதிவிடலாம்.

கடல் வழியாக வந்தவை சரக்குகள் மாத்திரம் அல்ல. பவழக்காரத் தெரு என்று ஒன்று இருக்கிறதே, பவழம் எங்கள் கடலில் விளைவதா? மத்தியதரைக் கடலில் எடுத்த பவழத்தை இத்தாலியின் லிவோர்னோத் துறைமுகத்திலும் லண்டனிலும் இருந்த யூத வணிகர்கள் இங்கே அனுப்பி, அதற்கு ஈடாகக் கோல்கொண்டா வைரத்தை வாங்கினார்கள். அவர்களில் சிலர் இங்கேயே வீடு அமைத்தார்கள். 1688-இல் பட்டணத்துக்கு நகர சபை ஏற்பட்டபோது அதன் பன்னிரண்டு ஆல்டர்மேன்களில் மூவர் யூத வணிகர்களாக இருந்தார்கள் என்றால் அவர்களுடைய செல்வாக்கை ஊகித்துக்கொள்ளலாம். பிரேசிலில் வைரம் கண்டெடுக்கப்பட்டதும் கோல்கொண்டாவின் மகிமை மங்கியது. யூதர்களும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். பிற்காலத்தில் நகரத்தார் வந்து குடியேறிய அந்தத் தெரு, பழைய பெயரை மாத்திரம் விடவில்லை. ஆர்மீனியர்களின் கதையும் ஏறக்குறைய இதுவே. மணிலாவோடும் பாரசீகத்தோடும் வியாபாரம் செய்து, அடையாற்றின் குறுக்கே மர்மலாங் பாலத்தைத் தம் சொந்தப் பணத்தில் கட்டிய உஸ்கான் போன்ற பெருந்தனக்காரர்கள் அவர்களில் இருந்தார்கள். 1772-இல் கட்டிய அவர்களுடைய மாதா கோயில் ஆர்மீனியன் தெருவில் இன்றும் இருக்கிறது. உலகத்திலேயே முதலாவதான ஆர்மீனியப் பத்திரிகை ‘அஸ்தரார்’ 1794-இல் இந்தப் பட்டணத்தில்தான் அச்சாயிற்று. கோயில் இருக்கிறது; தொழ வரும் குடும்பங்கள்தாம் இல்லை.

இரண்டு பேட்டைகளையும் பிரித்து நடுவே ஓடிய சாக்கடைப் பள்ளத்தைத் தூர்த்துச் சாலையாக்கியவர், 1778-இல் இங்கு வந்த ஸ்டீபன் பாப்ஹாம் என்ற வக்கீல். தெருக்களுக்குப் பெயரிடவும் சந்தைகளை ஒழுங்குபடுத்தவும் போலீஸ் வைக்கவும் 1782-இல் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தவரும் அவரே. அந்தச் சாலை பாப்ஹாம்ஸ் பிராட்வே என்று வழங்கி, இப்போது பிரகாசம் சாலையாயிற்று. அங்கே இருந்த சந்தையின் நெரிசலைத் தீர்க்கவே சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மூர் மார்க்கெட் எழுந்தது. அதைப் பற்றிப் பின்னர்.

பிராட்வேக்கு மேற்கே நெடுந்தூரம் வடக்காகப் போவது தங்கசாலைத் தெரு. கம்பெனியின் நாணயச்சாலை அங்கே இருந்ததால் வந்த பெயர். 1869-இல் நாணயம் அடிப்பது நின்று, பிற்பாடு அதே வளாகத்தில் அரசாங்க அச்சகம் நடந்தது. தங்கம் போய் எழுத்து வந்த இந்த மாறுதல், வளாகத்துக்கு வெளியேயும் தெரு நெடுகிலும் நிகழ்ந்தது என்பதே நமக்கு முக்கியம். ஆறுமுக நாவலர் தமது வித்தியாநுபாலன யந்திரசாலையைச் சென்னையில் அமைத்தது தங்கசாலைத் தெருவில்தான். பிழையற்ற தமிழ்ப் பதிப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அறிஞர்கள் கைகாட்டிய புத்தகங்கள் அந்தத் தெரு முகவரியைத் தாங்கி ஈழத்துக்கும் தென்பாண்டிக்கும் போயின. அதற்குச் சிறிது தூரத்திலேயே அறிஞர்கள் கைகாட்டாத வேறொரு புத்தக உலகமும் இருந்தது. பார்க் டவுனில், அந்தி நேரத்தில் கூடியதால் ஈவினிங் பஜார் என்று ஆங்கிலேயர் அழைத்த குஜிலிக் கடைத்தெருவில், எட்டுப் பக்கமும் பதினாறு பக்கமுமாக மட்டரகக் காகிதத்தில் அச்சடித்த பாட்டுப் புத்தகங்களைக் காலணாவுக்கும் அரையணாவுக்கும் கடைக்காரர் கூவி விற்றார். தாமே ராகம் போட்டுப் பாடியும் விற்றார். ரயில் விபத்து, கொலை வழக்கு, வெள்ளம், பஞ்சம், கள்ளுக்குடியின் கேடு என்று பட்டணத்தில் நடந்ததெல்லாம் சில நாட்களில் சிந்தாகவும் கும்மியாகவும் தெருவுக்கு வந்துவிடும். கொண்டித்தோப்பு இரத்தின நாயகர் கம்பெனியார் வெளியிட்ட ‘பெரிய எழுத்து’க் கதைப் புத்தகங்கள், அரிக்கேன் விளக்கின் வெளிச்சத்தில் ஒருவர் படிக்கப் பத்துப்பேர் கேட்கும் கிராமத்துத் திண்ணைகளுக்கென்றே பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டவை.

பண்டிதர்கள் இவற்றை மதிக்கவில்லை, நூல்நிலையங்கள் வாங்கவில்லை, படித்தவர்களே படித்து முடித்துப் பொட்டணம் மடித்தார்கள். அப்படியிருந்தும் ஓரளவு பிழைத்ததற்கு இரண்டு காரணங்கள். அச்சிட்ட ஒவ்வொன்றிலும் பிரதி கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும் என்று 1867-ஆம் ஆண்டுச் சட்டம் வற்புறுத்தியதால், ஜனங்கள் என்ன படிக்கிறார்கள் என்று கண்காணிப்பதற்காக அரசாங்கம் வாங்கிய பிரதிகளில் சில லண்டன் வரையில் போய்ச் சேர்ந்து அங்கே பத்திரமாயின. மற்றொரு காரணம் கோட்டையூர் ரோஜா முத்தையா. பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்த அந்த மனிதர் ஆயுள் முழுவதும் பழைய அச்சுத் தாளைத் தேடித் தேடிச் சேர்த்ததன் பயனாகவே, சென்னையில் அவர் பெயரால் விளங்கும் நூலகத்தில் இன்று இந்தக் காலணாப் புத்தகங்களைக் கையில் எடுத்துப் பார்க்க முடிகிறது. ஒரு நகரத்தின் சாமானிய ஜனங்கள் எதற்கு அழுதார்கள், எதற்குச் சிரித்தார்கள் என்று அறிய விரும்புகிறவர்களுக்குக் கவர்னரின் கடிதப் போக்குவரத்தைக் காட்டிலும் இவை ஆயிரம் மடங்கு உபகாரமானவை என்பதில் நமக்குச் சந்தேகம் இல்லை.

குஜிலியின் புத்தக மரபுக்கு வாரிசாக அமைந்ததே மூர் மார்க்கெட். நகர சபைத் தலைவர் சர் ஜார்ஜ் மூர் 1898-இல் அஸ்திவாரம் போட்டு 1900-இல் திறக்கப்பட்ட அந்தச் செங்கல் கட்டடத்தின் வெளி வராந்தாக்களில், பழைய புத்தகக் கடைக்காரர்கள் தரையிலிருந்து உத்தரம் வரை புத்தகத்தை அடுக்கி வைத்து வியாபாரம் செய்தார்கள். கல்லூரி மாணவர்களும் ஏழை எழுத்தாளர்களும் தங்கள் கல்வியில் பாதியை அங்கேதான் கற்றார்கள். 1985-இல் தீப்பிடித்து அது அழிந்தது. அந்த நிலத்தில் புறநகர் ரயில் நிலையம் வந்தது. எரிந்த கடைகளில் இருந்த புத்தகங்களுக்குப் பட்டியல் கிடையாது. கடைக்காரர்களில் சிலர் பக்கத்திலேயே கட்டிக்கொடுத்த புதுக் கட்டடத்துக்குப் போனார்கள். பழைய கூட்டம் திரும்பவில்லை.

தெருவுக்கு ஒரு சரக்கு என்ற வழக்கம் கம்பெனிக் காலத்தோடு முடிந்துபோன பழங்கதை என்று எண்ண வேண்டாம். நம் காலத்திலேயே அது மறுபடியும் ஒருமுறை நடந்திருக்கிறது. பர்மாவில் 1962-க்குப் பின் ராணுவ ஆட்சி கடைகளையும் தொழில்களையும் தேசியமயமாக்கியபோது, தலைமுறை தலைமுறையாக ரங்கூனிலும் மோல்மேனிலும் கடை வைத்துப் பிழைத்த தமிழர்கள், உடுத்த துணியும் கைப்பெட்டியுமாகக் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். 1969-இல் துறைமுகத்துக்கு எதிரே, ராஜாஜி சாலையின் ஓரமாக, அவர்கள் பிழைப்புக்கென்று வரிசையாகச் சிறு கடைகள் ஒதுக்கப்பட்டன. பர்மா பஜார் பிறந்தது. இவர்களுக்குப் பேட்டை வகுத்துக் கொடுத்த தாமஸ் பிட்டும் இல்லை, முன்பணம் கொடுத்த செட்டியாரும் இல்லை. ஒரே ஊர்க்காரர்களுமல்லர், ஒரே ஜாதியாருமல்லர். ஆயினும் சில வருஷங்களுக்குள், பக்கத்துக் கடையில் இருப்பதையே தாமும் வைப்பது, இல்லாததைக் கைமாற்றாக வாங்கி விற்பது, வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாதிருப்பது என்ற அதே ஒழுங்கு அங்கே தானாக அமைந்துவிட்டது. வெளிநாட்டுக் கைக்கடிகாரமும் வாசனைத் தைலமும் விற்ற கடைகளில் பின்னர் ஒலிநாடாவும், அதற்குப் பின்னர் கைப்பேசியும் வந்து உட்கார்ந்தன. சரக்கு மாறும்போதெல்லாம் வரிசை முழுவதும் சேர்ந்தே மாறியது. மாலை மயங்கியதும் பின்புறத்து இரண்டாம் கடற்கரைச் சாலையில் தள்ளுவண்டிகள் கூடுகின்றன. அவையும் பத்துப் பன்னிரண்டு அருகருகே. அவையும் ஒரே பண்டம். கோதுமை நூடுல்ஸோடு பச்சை வெங்காயமும் முட்டைக்கோசும் வறுத்த பூண்டும் புளித்தண்ணீரும் போட்டு, பேஜோ என்ற மொறுமொறுப்பான வடையை நொறுக்கித் தூவிக் கையாலேயே பிசைந்து, வாழைத்தண்டு சூப்போடு கொடுக்கும் அத்தோ. ரங்கூனைக் கண்ணால் காணாத மூன்றாம் தலைமுறைப் பிள்ளைகள் அதைப் பிசைகிறார்கள். முட்டை தீர்ந்துபோன வண்டிக்காரர் அடுத்த வண்டியின் தட்டிலிருந்து கேட்காமலே இரண்டை எடுத்துக்கொள்கிறார்.

(அடுத்த இதழில்: திருவல்லிக்கேணி)